பிராங்க்பர்ட்டுக்குக் குடும்பத்தோடு போகிறவளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

உன் நாவல் ஜெர்மன் மொழியில் வருகிறது, அதற்காகப் பதிப்பாளர் உன்னை அக்டோபரில் பிராங்க்பர்ட் புத்தகச் சந்தைக்கு அழைத்திருக்கிறார் என்று உன் அம்மா போனில் சொன்னாள். மாப்பிள்ளை, குட்டி, உன் மாமியார் மூவரையும் கூட்டிப்போக நீ நினைப்பதையும், “வேலைக்குப் போகிற இடத்தில் குடும்பம் எதற்கு?” என்று வீட்டில் ஒரு பேச்சு ஓடுவதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டாள். தாராளமாகக் கூட்டிப்போ. ஆனால், அங்கே உனக்கு எப்போது வேலை, எப்போது ஓய்வு என்று தெரிந்துகொண்டு கூட்டிப்போ. புத்தக உரிமை விற்பனை மேசையில் காலம் தள்ளியவள் என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

நந்தனம் புத்தகக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு விமானம் ஏறாதே. முதல் நாட்களில் அங்கே பஜ்ஜிக் கடையும் கையெழுத்து வரிசையும் கிடையாது. 2023இல் சென்னையில் தொடங்கிய பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியில் மேசை மேசையாக உட்கார்ந்து பேசினார்களே, அதுதான் பல மடங்கு பெரிதாக நடக்கும். புதன் முதல் ஞாயிறு வரை ஐந்து நாள். முதல் நாட்கள் தொழில் செய்கிறவர்களுக்கு. பதிப்பாளர்களும் முகவர்களும் அரை அரை மணி நேரமாக, கோடைக்காலத்திலேயே குறித்து வைத்த சந்திப்புகளில் மூழ்கிக் கிடப்பார்கள். பெரியவர்கள் கூடிப் பேசும் நிச்சயதார்த்தத்தில் பெண்ணுக்கு என்ன வேலையோ, அதுதான் அங்கே எழுத்தாளருக்கு. உனக்கு ஒரு வாசிப்பு இருக்கும், ஒன்றிரண்டு பேட்டி வரலாம். மற்றபடி பகலில் யாரும் உன்னைத் தேட மாட்டார்கள். அதில் மனம் கசங்காதே. உன்னைக் கவனிக்காததற்கு உன் எழுத்து காரணம் இல்லை, அவர்களுடைய நாட்குறிப்புதான்.

உனக்கான நேரம் மாலையில்தான் தொடங்கும். ஆறு மணிக்கு மேல் அரங்கங்களிலேயே கோப்பைகள் வெளியே வரும், பிறகு விருந்து, பிறகு ஓட்டல் கூடங்களில் நள்ளிரவு வரை பேச்சு. பிரெஞ்சுப் பதிப்பாளர் ஒருவர் உன் நாவலைப் பற்றி முதன்முதலாகக் கேட்பது அங்கேயாகத்தான் இருக்கும். ஊரிலிருந்து வருகிற பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பகல் முழுக்கச் சந்தைக்குள் காரணமில்லாமல் சுற்றிக் கால் வலிக்க நின்றுவிட்டு, “ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன்” என்று குழந்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, விருந்து தொடங்கும்போது கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். நீ காலையை வீட்டுக்குக் கொடு. சந்தை ஒன்பது மணிக்குத் திறக்கும். நீ பதினொன்றுக்குப் போனால் போதும். வாசிப்பு, பேட்டி இருக்கும் நாள் மட்டும் விலக்கு. மாலை என்னுடையது என்று புறப்படுவதற்கு முன்பே மூவரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடு. அங்கே போய்ச் சொன்னால் அது சண்டையாகத்தான் காதில் விழும்.

அதற்கு அவர்களுக்கும் சொந்தமாக ஒரு ஊர் வேண்டும். உனக்காகக் காத்திருப்பதே அவர்கள் வேலையாகிவிடக் கூடாது. சந்தைத் திடலிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் செங்கன்பெர்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. வாசலிலேயே டைனோசர் நிற்கும், குட்டியை உள்ளே அழைக்க வேறு ஆள் தேவையில்லை. பக்கத்திலேயே பால்மென்கார்டன் என்கிற தாவரத் தோட்டம், 1871இல் திறந்தது. அதன் கண்ணாடி வீடுகளில் வெப்பமண்டலச் செடிகளுக்காக நம் ஊர்ப் புழுக்கத்தையே உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். அக்டோபர்க் குளிரில் உன் மாமியாருக்கு அந்த ஊரிலேயே பிடித்த இடம் அதுவாகத்தான் இருக்கும். பழைய நகரத்தில் ஸ்ட்ரூவெல்பீட்டர் அருங்காட்சியகம் உண்டு. ஹைன்ரிச் ஹோஃப்மன் என்ற பிராங்க்பர்ட் டாக்டர், 1844இல் தன் மூன்று வயது மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கடையில் நல்ல படப்புத்தகம் கிடைக்காமல் தானே எழுதி வரைந்த புத்தகம்தான் ‘ஸ்ட்ரூவெல்பீட்டர்’. நகம் வெட்டாத, தலை வாராத பையன் அட்டையில் நிற்பான். எழுதுகிற அம்மாவோடு வளரும் பெண்ணுக்கு இந்தக் கதையைப் போகும் முன்பே சொல்லிவை.

சந்தைக்குள் அவர்களைச் சனிக்கிழமை கூட்டிப்போ. வார இறுதியில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். கதாபாத்திரங்களைப் போல வேடமிட்ட இளசுகள் கூட்டம் கூட்டமாக வரும், குட்டிக்கு அதுவே திருவிழா. வெளியே சுத்தியல் அடித்துக்கொண்டே இருக்கும் பிரம்மாண்டமான கறுப்பு மனிதச் சிலையையும் காட்டு. உன் வாசிப்பு வியாழக்கிழமை என்றால் அதற்கு அவர்கள் வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதே. புரியாத மொழியில் அம்மா பேசுவதை எட்டு வயதுப் பிள்ளை பத்து நிமிடம் பெருமையாகப் பார்க்கும், பதினோராவது நிமிடம் பாத்ரூம் கேட்கும்.

பணம். அழைப்பு உனக்கு மட்டும்தான். உன் டிக்கெட்டும் ஒரு அறையும் அவர்கள் தருவார்கள் என்றால், குடும்பத்தின் செலவு முழுக்க உங்களுடையது என்பதைப் பதிப்பாளருக்கு நீயே முதல் மின்னஞ்சலில் எழுதிவிடு. பெரிய அறை கிடைக்குமா, வித்தியாசத்தை நான் கட்டுகிறேன் என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. சந்தை வாரத்தில் அந்த ஊரில் ஓட்டல் விலை தாறுமாறாக ஏறும். அது கட்டுப்படாவிட்டால் மைன்ஸில் தங்குங்கள். எஸ்8 ரயில் அங்கிருந்து விமான நிலையம் வழியாக பிராங்க்பர்ட் பெரிய ஸ்டேஷனுக்கு முக்கால் மணிக்குள் வந்துவிடும். குட்டன்பர்க் பிறந்து அச்சடித்த ஊர் வேறு. நீ நள்ளிரவில் தனியாக ரயிலேறத் தயங்கினால் மட்டும் இந்த யோசனையை விட்டுவிடு.

விசாவை நால்வரும் ஒரே நாளில், ஒரே பயணத் திட்டத்தோடு போடுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்கு 90 யூரோ, குட்டியின் வயதுக்கு 45. ஒவ்வொருவருக்கும் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். குட்டியின் படிவத்தில் நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். டிக்கெட் போடும் முன் தீபாவளி எப்போது என்றும் பார்த்துக்கொள். 2025இல் சந்தை முடிந்த மறுநாளே தீபாவளி வந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் மூடிக் கிடக்கும், சனிக்கிழமையே பாலும் ரொட்டியும் வாங்கி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. “குழந்தையை ஏன் இவ்வளவு தூரம் இழுத்து வந்தீர்கள்?” என்று அங்கேயும் ஒருவர் கேட்பார், கேட்கிறவர் பெரும்பாலும் நம்மவராகவே இருப்பார். மனைவியோடு வருகிற ஆண் எழுத்தாளரிடம் இப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதே. மாப்பிள்ளையும் “அவளுக்காக லீவு போட்டு வந்தேன்” என்று தியாகி வேஷம் கட்ட வேண்டாம், டைனோசர் பார்க்க வந்தேன் என்று சொல்லச் சொல். அவர் நல்ல பையன், சொல்வார்.

மாலைப் பேச்சில் யாராவது ஆர்வம் காட்டினால் கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் இருபது, முப்பது பக்கமும் ஒரு பக்கச் சுருக்கமும் கையில் இருக்க வேண்டும். ஜெர்மன் பிரதியை வைத்துக்கொண்டு எல்லாரையும் மடக்க முடியாது. ஆகஸ்டுக்குள் அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன். சுருக்கத்தில் முடிவை மறைக்காமல் எழுது. உரிமை வாங்குகிறவர்களுக்கு முழுக்கதையும் தெரிந்தாக வேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா