சினை ஊசிக்குப் பின் மூன்று வாரம்: மாட்டின் கருப்பையில் நடப்பது என்ன?

தில்லை நகர், ஸ்ரீரங்கம் வீடுகளுக்குப் பால் ஊற்றும் சுற்றுவட்டார விவசாயிகள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "சினை ஊசி போட்டும் இருபத்தோராம் நாள் மாடு மறுபடியும் கத்துகிறது" என்பதே அது. ஊசி போட்டவரையும் உறைவிந்தையும் குறை சொல்வது வழக்கம். சில சமயம் காரணம் அதுவாகவும் இருக்கலாம். ஆனால் பல மாடுகளில் கரு உண்டாகி, நாம் அறியும் முன்பே அழிந்துவிடுகிறது. இதனால் மூன்று வாரத் தீவனச் செலவு வீணாவதுடன் அடுத்த ஈற்றும் தள்ளிப் போகிறது.

கரு அனுப்பும் செய்தி

கருவுற்ற முட்டை நான்கைந்து நாட்களில் கருப்பைக்கு வந்து சேருகிறது. ஏழாம் நாளில் அது கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறு பந்து. இரண்டாம் வாரத்தின் இறுதியில் நீளத் தொடங்கி, 16-ஆம் நாள் அளவில் பல சென்டிமீட்டர் நீளமுள்ள நூல் போலாகிறது. அதுவரை கருப்பைச் சுவரில் ஒட்டாமல், அங்குள்ள சுரப்பிகள் சுரக்கும் நீரையே உண்டு வளர்கிறது. கருப்பைச் சுரப்பிகள் உருவாகாமல் வளர்க்கப்பட்ட செம்மறி ஆடுகளில் கரு நீளவில்லை என்பது ஆய்வுகளில் தெரிந்தது.

நீளும் கரு, இன்டர்பெரான் வகையைச் சேர்ந்த ஒரு புரதத்தைச் சுரக்கிறது. "நான் இருக்கிறேன்" என்று தாய்க்குத் தெரிவிக்கும் செய்தி அது. உரிய நேரத்தில் இச்செய்தி கிடைத்தால், சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் தொடர்ந்து சுரக்கும். கிடைக்காவிட்டால் சுரப்பு நின்று, மாடு மீண்டும் பருவத்துக்கு வரும்.

ஆய்வுக்கூடத்தில் கருப்பைத் திசு

ஆய்வுக்கூடத்தில் கருவை உண்டாக்குவது நமக்குப் புதிதன்று. கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 1990-ல் இம்முறையில் 'பிரதம்' என்ற எருமைக் கன்று பிறந்தது. ஆனால் ஒரு வாரத்துக்குப் பின் கருவுக்குக் கருப்பை வேண்டும். உயிருள்ள மாட்டின் கருப்பைக்குள் நாள்தோறும் நடப்பதைப் பார்ப்பதும் அரிது.

இதற்கு இப்போது ஒரு வழி பிறந்துள்ளது. இறைச்சிக் கூடத்தில் கிடைக்கும் கருப்பையிலிருந்து சுரப்பித் துணுக்குகளைப் பிரித்து, கூழ் போன்ற பொருளில் பதித்து, ஊட்டநீரில் வளர்க்கின்றனர். அவை உள்ளே குடைவான சிறு உருண்டைகளாகின்றன. இவற்றுக்கு 'ஆர்கனாய்டு' என்று பெயர். இவற்றின் மேல் ஹார்மோன்களையும் கருவின் புரதத்தையும் இட்டு, சுரப்பி எப்படி மாறுகிறது என்று அறிகின்றனர்.

2023-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் மாட்டின் தண்டு உயிரணுக்களைச் சேர்த்து, ஏழு நாள் கருவைப் போன்ற உருவங்களை வளர்த்தனர். பசுக்களின் கருப்பையில் வைத்தபோது, கரு இருப்பதைத் தாய்க்கு உணர்த்தும் செய்தியை அவையும் தந்தன. ஆனால் அவை கன்றாக வளரவில்லை. திசு உருண்டைகளிலும் இரத்த ஓட்டம் கிடையாது. ஆகவே இவை ஆராய்ச்சிக் கருவிகளே. விவசாயி வாங்கிப் பயன்படுத்தும் மருந்து அல்ல. எந்தக் குறையால் செய்தி தடைப்படுகிறது என்று கண்டறிந்தால், பின்னாளில் அதற்குத் தக்க சிகிச்சையும் வரக்கூடும்.

இன்று நாம் செய்யக்கூடியவை

1. காலையில் பருவ அறிகுறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடவும். தேதியைக் குறித்து வைக்கவும்.

2. முதல் சில நாட்களில் கரு வெப்பத்தைத் தாங்காது. கத்திரி வெயிலில் மாட்டை வெகுதூரம் ஓட்டிச் செல்லாமல், நிழலில் கட்டிக் குடிக்கத் தாராளமாகத் தண்ணீர் காட்டவும்.

3. தீவனத்தைத் திடீரெனக் குறைக்க வேண்டாம். தாது உப்புக் கலவையை நாள்தோறும் தீவனத்தில் சேர்க்கவும்.

4. 18-ஆம் நாள் முதல் 24-ஆம் நாள் வரை காலை, மாலை இருவேளையும் மாட்டைக் கவனிக்கவும்.

5. மாடு கத்தவில்லை என்பதாலேயே சினை என்று இருந்துவிட வேண்டாம். இரண்டு, மூன்று மாதங்களில் கால்நடை மருத்துவரிடம் சினைப் பரிசோதனை செய்துகொள்ளவும்.

மூன்று முறை ஊசி போட்டும் சினை பிடிக்காத மாட்டை உடனே சந்தைக்கு ஓட்டிவிட வேண்டாம். குறித்து வைத்த தேதிகளுடன் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். மாடு திரும்பத் திரும்ப எந்த நாளில் பருவத்துக்கு வந்தது என்ற கணக்கே, காரணத்தைக் கண்டுபிடிக்க மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.