தேளுக்கு இங்கிலீஷில் என்ன?

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. நீ ஃபோனில் சொன்னதை இரண்டு நாளாக மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். ஃபோனிலேயே பதில் சொல்லலாம் என்றால், பாதி சொல்வதற்குள் உனக்கு மணி அடித்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஸ்மார்ட் போர்டில் வரும் ஆங்கிலப் பாட்டுகளை எல்லாம் தடங்கலில்லாமல் பாடுகிறார்கள், ஆனால் உன் பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டால் அதே கேள்வியைத் திருப்பிச் சொல்கிறார்கள் என்றாய். தப்பு யாரிடம் என்றும் கேட்டாய். பிள்ளைகளிடம் இல்லை, பாப்பா. போர்டு பாடச் சொன்னது, பாடுகிறார்கள். ஒரு நாளாவது அது அவர்களிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததா?

உங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கு நீயும் ஹெச்.எம்.மும்தான். மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லித்தரும் நேரத்தில் ஒன்றாம் வகுப்பைத் திரைக்கு முன்னால் உட்காரவைக்கத் தோன்றும். அதைக் குற்றமாக நான் சொல்லமாட்டேன். நாற்பது பேரை ஒருத்தியாக வைத்துச் சமாளித்தவள் நான். ஆனால் திரையை மூன்றாவது ஆசிரியராக எண்ணிவிடாதே. அமெரிக்காவில் பட்ரீசியா குல் என்ற ஆய்வாளர் குழுவாகச் செய்த சோதனை ஒன்று 2003-இல் வெளிவந்தது. ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியை 12 முறை கேட்கவைத்தார்கள். சீனம் பேசுகிறவர் எதிரே உட்கார்ந்து, புத்தகமும் பொம்மையும் காட்டிப் பேசியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகளுக்கு எதுவும் ஏறவில்லை. ஆறு வயதுப் பிள்ளை கைக்குழந்தை இல்லைதான், திரையிலிருந்தும் சில சொற்களைப் பிடித்துக்கொள்ளும். ஆனாலும் மொழி ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போகிற பொருள் என்பதை அந்தச் சோதனை எனக்கு அழுத்தமாகச் சொன்னது. கொரோனாவில் நாமே பார்த்தோமே. கல்வித் தொலைக்காட்சி வீடு வீடாக ஓடியது. ஆனாலும் 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது எழுத்தை மறந்து வந்து நின்ற பிள்ளைகளை மீட்டது, இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் சாயங்காலம் திண்ணையில் உட்காரவைத்துப் பேசிய பக்கத்துவீட்டு அக்காக்கள்தான்.

இனி நான் சொல்லப்போவதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அரசு வேலை கிடைப்பதற்கு முன் இரண்டு வருஷம் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்தேன். வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்பது அங்கே சட்டம். நானும் அதை முழுமனதாக நம்பினேன். தமிழை வெளியே நிறுத்தினால் ஆங்கிலம் உள்ளே வந்துவிடும் என்று நினைத்த காலம். ஒரு நாள் மத்தியானம், ஐந்து வயதுப் பெண் ஒருத்தி சுவர் மூலையையே வெறித்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அதட்டினேன், அசையவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால், இன்னொரு பிள்ளையின் பைக்குப் பக்கத்தில் தேள். அடித்துப் போட்டுவிட்டு, "ஏண்டி சொல்லல?" என்று கேட்டேன். "தேளுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு தெரியல டீச்சர்" என்றாள்.

அந்தப் பிள்ளைக்கு நான் ஆங்கிலம் கற்றுத்தரவில்லை. பேசாமல் இருக்கக் கற்றுத் தந்திருந்தேன்.

அதற்கப்புறம் எத்தனையோ புது முறைகளைப் பார்த்துவிட்டேன். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில வருஷங்களில் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல், அதன் அட்டைகள், ஏணிப்படி, கம்பிப் பந்தல். 2018-இல் புதுப் பாடநூலும் அதில் க்யூஆர் கோடும். 2022-இல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்த எண்ணும் எழுத்தும் திட்டம். இப்போது உன் பயிற்சி வகுப்பில் பிளெண்டட் லேர்னிங், கலப்புக் கற்றல் என்கிறார்கள். எல்லாவற்றிலும் நல்லது இருந்தது. ஆனால் ஒரே அட்டை ஒரு வகுப்பில் பிள்ளையைப் பேசவைத்தது, பக்கத்து வகுப்பில் வாயை மூடவைத்தது. பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று அந்தந்த டீச்சர் நம்பினாரோ, வித்தியாசம் அதில்தான் இருந்தது. உன் வகுப்பு ஆங்கில வழி என்பதால் பிள்ளைகள் வெறும் பானையாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாயானால், போர்டும் டேப்லெட்டும் அந்த நினைப்பைத்தான் பெரிதாக்கிக் காட்டும்.

அவர்கள் வெறும் பானை இல்லை. ஆறு வயதுக்குள் தமிழில் சண்டை போட, கெஞ்ச, பொய் சொல்ல, கதை கட்ட எல்லாம் தெரிந்துகொண்டு வருகிறவர்கள். ஒரு மொழியில் ஆழமாகக் கற்றது இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும் என்று கனடாவிலிருந்து ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே எழுதினார். எழுத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றே. 'ம' என்றால் 'ம'தான். எழுத்து 247 என்று மலைப்பாகத் தெரிந்தாலும், 12 உயிரும் 18 மெய்யும் சேரும் விதம் பிடிபட்டால் பிள்ளை எதையும் வாசிக்கும். ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலி ஏறக்குறைய 44. 'சி' என்று பெயர் சொல்லும் எழுத்து பூனையில் 'க' ஆகிறது, நகரத்தில் 'ஸ' ஆகிறது. பேச்சைப் பிட்டுப் பிட்டு வைத்தால் எழுத்தாகும் என்ற ரகசியத்தைத் தமிழில் கண்டுபிடித்த பிள்ளை இந்தக் குழப்பத்தைத் தாங்கிக்கொள்ளும். அது பிடிபடாத பிள்ளை இரண்டையும் உரு அடிக்கும்.

அப்படியானால் கருவி எதற்கு? காதுக்கு. இது என் உறுதியான எண்ணம். பன்றிக்கு உண்டான ஆங்கிலச் சொல்லையும் பெரியது என்பதற்கு உண்டான சொல்லையும் தமிழில் எழுதிப் பார், இரண்டும் 'பிக்'தான். நம் எழுத்தில் அந்த வேறுபாடு இல்லை. அதனால் நம் பிள்ளைகள் பலருக்கு அது காதிலும் லேசில் விழுவதில்லை. 'இஸ்கூல்' என்று நாமும்தானே சொல்லி வளர்ந்தோம். எனக்கே வராத ஒலியை நான் எப்படிக் கொடுப்பது? அங்கே டேப்லெட் எனக்கு வரம். ஒரே சொல்லை இருபது தடவை கேட்டாலும் சலிக்காமல் அதே மாதிரி சொல்லும். வகுப்பில் படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் போடு. எது பன்றி, எது பெரியது என்று கையைத் தூக்கச் சொல். ஐந்து நிமிஷம் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்து உனக்குக் கோழிப் பாடம் என்றாய். போர்டைத் தொடாமல் ஆரம்பி. யார் வீட்டில் கோழி இருக்கிறது, எங்கே அடை வைத்திருக்கிறார்கள், எத்தனை நாளில் குஞ்சு பொரிக்கும் என்று தமிழில் கேள். 21 நாள் என்று உனக்கே சொல்லித்தர ஒருத்தன் இருப்பான். பருந்து வந்த கதையும் வரும். பேசி முடிந்ததும் போர்டில் அந்தப் பாடத்தின் நான்கு நிமிஷ ஆங்கிலக் கதையைப் போடு. நடுவில் நிறுத்தி, இப்போது என்ன ஆகும் என்று கேள். பதில் தமிழில் வந்தால் அப்படியே வாங்கிக்கொள், பிறகு நீ அதை ஆங்கிலத்தில் சொல், அவனும் சேர்ந்து சொல்லட்டும். ஒருத்தி கோழியாக, ஒருத்தன் பருந்தாக ஓடட்டும். மறுநாள் கதையைத் தமிழில் சொல்லச் சொன்னால் நடுவில் நாலு ஆங்கிலச் சொல் தானாக வந்து விழும். கலப்பு என்று நான் நினைப்பது அதைத்தான். மூன்றாம் வகுப்பிடம் நீ போகவேண்டிய நேரத்துக்கு, நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தியைத் திரைக்குப் பக்கத்தில் உட்காரவை. நிறுத்தவும் கேட்கவும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

வீட்டு விஷயம் ஒன்று. வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலப் பயிற்சித்தாள் அனுப்புகிறாயாமே, அதை நிறுத்திவிடு. ஃபோன் அப்பாவோடு வேலைக்குப் போய் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வரும். அதில் வாசிக்கத் தெரியாத ஒன்றைப் பார்க்கும் அம்மா, தனக்கு எதுவும் தெரியாது என்று ஒதுங்கிவிடுவாள். அதற்குப் பதிலாக வாரம் ஒரு வீட்டைக் கேள். பாட்டியோ அம்மாவோ ஒரு கதையைத் தமிழில் சொல்லிக் குரல் பதிவாக அனுப்பட்டும். அதை வகுப்பில் ஸ்பீக்கரில் போடு. தன் பாட்டியின் குரல் பள்ளிக்கூடத்தில் கேட்கும்போது அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காருவதைப் பார்ப்பாய். மற்றப் பிள்ளைகள் அவளிடம் கேள்வி கேட்பார்கள், அவள் பதில் சொல்வாள். அதில் ஒரு வரியை நீ ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்கலாம். பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகிற ஃபோன், வீட்டிலிருந்து பள்ளிக்கும் எதையாவது கொண்டு வரட்டும்.

பார்வையிட வருகிறவர்கள், ஆங்கில வழி வகுப்பில் ஏன் தமிழ் என்று கேட்கலாம். பயப்படாதே. அந்தப் பருந்துப் பையனைக் கூப்பிட்டுக் கதை சொல்லச் சொல்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. தொண்டை கட்டியிருக்கிறது என்றாயே, சுக்கு போட்டு வெந்நீர் குடி. முதலில் எந்தப் பாட்டியின் கதை வருகிறதோ, அதை எனக்கும் அனுப்பி வை. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா