தேர்ச்சக்கரத்துக்கு வைக்கும் கட்டை

அன்புள்ள கயல்,

உன் தட்டைப் பாதத்துக்குள் டைட்டானியத்தில் சின்னதாக ஓர் அடைப்பு வைக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக அக்கா போனில் சொன்னாள். ‘அதை வைத்தால் நடை சரியாகிவிடுமா மாமா?’ என்று நீ கேட்டதற்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

உன் பள்ளி ஷூவைத் திருப்பிப் பார். உள்பக்கம்தான் அதிகம் தேய்ந்திருக்கும். குதிகால் ஊன்றியதும் பாதம் கொஞ்சம் உள்ளே சாய்வது எல்லாருக்கும் உண்டு. வளைவு தாழ்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அப்படித்தான். ஆனால் குதிகால் தரையைவிட்டு எழும்புவதற்குள் பாதம் நிமிர்ந்து இறுகிவிட வேண்டும். கட்டைவிரல் மேலே மடங்கும்போது, கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றுவதுபோல உள்ளங்கால் நார் இழுபட்டு வளைவை உயர்த்தும். 1954-ல் ஹிக்ஸ் என்பவர் இதை விளக்கினார். உன் பாதம் அந்த நேரத்திலும் சாய்ந்தே கிடக்கிறது. கூடவே முழங்காலும் உள்நோக்கித் திரும்புகிறது.

குதிகால் எலும்புக்கும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் தாலஸ் எலும்புக்கும் நடுவே, வெளிப்பக்கமாக ஒரு குழிவு உண்டு. பாதம் சாய்ந்தால் அது ஒடுங்கும். அங்கே அடைப்பு இருந்தால் தாலஸ் ஓர் அளவுக்கு மேல் சரிய முடியாது. தேர்ச்சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுவார்களே, அதே வேலை. கட்டை தேரைத் தடுக்கும், திருப்பும், இழுப்பது வடம். உனக்கு வடம் உன் தசைகள். ஆடுசதை இறுக்கமாக இருந்தால், அந்த இழுப்பில் பாதம் நடுவில் மடங்கப் பார்க்கும். பாரமெல்லாம் அடைப்பின்மேல் விழும். அதனால்தான் சிலருக்குக் குதிகால் தசைநாணையும் சேர்த்து நீட்டிவிடுகிறார்கள்.

அளவும் முக்கியம். பெரிதானால் தேவையான சாய்வும் போய், நடை விறைத்துவிடும். சிறிதானால் நழுவும். சிலருக்கு அந்த இடத்தில் வலி நீடித்து, அடைப்பை எடுக்க நேர்வதும் உண்டு. வலியே இல்லாத தட்டைப் பாதத்துக்குக் கத்தி வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். உனக்கு வலி இருக்கிறது. ஆனாலும் பயிற்சியையும் ஷூவுக்குள் வைக்கும் தாங்கியையும் முழுமனதோடு முயன்று பார்த்தாயா?

இன்னொன்று. நுனிக்காலில் நில். குதிகால் உள்ளே திரும்பி வளைவு தெரிந்தால் உன் பாதம் நெகிழ்வானது. தெரியாவிட்டால் எலும்புகள் ஒட்டியிருக்கக்கூடும். அதற்கு இந்த அடைப்பு ஏற்றதல்ல. அம்மாவிடம் சொல்லிப் பின்னாலிருந்து படம் எடுத்து இன்றே அனுப்பு.

அன்புடன்,
மாமா