கூழ் ஊற்றும் ஞாயிறு: பொறுப்பேற்கும் பிள்ளைகளுக்கு

இந்த ஆடிக்குக் குடும்பத்தைக் கூட்டும் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். நல்லது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பங்காளி, மாமன் மச்சான், பெண் கொடுத்த வீடு, எடுத்த வீடு என்று எல்லாரும் ஒரே பந்தலில் உட்காருவது, கல்யாணத்தை விட்டால், அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போதுதான். கல்யாணத்தில் பாதிப் பேருக்கு வேலை, மீதிப் பேருக்குக் கடைசி பஸ் கவலை. கூழ் ஊற்றும் நாளில்தான் மனிதர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். அதைக் கெடுக்காமல் நடத்தச் சில விஷயங்கள்.

1. ஆடியில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அந்த வகையில் வசதிதான். ஆனால் ஞாயிறு என்றாலே எல்லாருக்கும் லீவு என்று நினைக்காதீர்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகளிடம் ஒரு மாதம் முன்பே சொல்லவேண்டும். அதைவிட முக்கியம், நம் வீட்டு மருமகள்களின் தாய்வீட்டில் என்றைக்குக் கூழ் என்று விசாரிப்பது. இரண்டும் ஒரே ஞாயிற்றில் விழுந்தால் அவள் எங்கே போவாள்? தேதி குறிக்கும்போது இதை யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

2. வாட்ஸ்அப் குழுவில் போடுவது தகவல், அழைப்பு ஆகாது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் வரைக்கும் இருப்பவர்களை நேரில் போய்க் கூப்பிடுங்கள். 2019இல் மாவட்டத்தைப் பிரித்ததில் நம் சொந்தத்தில் பாதி செங்கல்பட்டு மாவட்டமாகிவிட்டது. ஆனாலும் பைக்கில் போகிற தூரம்தான். வெளியூரில் இருப்பவர்களுக்குப் போன் போதும். ஆனால் வீட்டில் மூத்தவரிடம் முதலில் பேசுங்கள். பேச்சுவார்த்தை இல்லாத வீடு ஒன்று எந்தக் குடும்பத்திலும் இருக்கும். அந்த வீட்டுக்குத்தான் முதலில் போகவேண்டும். கடைசியாகப் போனால், "எல்லாரையும் கூப்பிட்டு முடிச்சப்புறம் எங்க ஞாபகம் வந்துச்சா?" என்பார்கள். அதற்குப் பதில் கிடையாது.

3. பணம். இதில்தான் குடும்பங்கள் உடைகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுங்கள். எல்லாருக்கும் ஒரே தொகை. வசதியுள்ளவர் கூடுதலாகக் கொடுக்க ஆசைப்பட்டால் பணமாக வாங்காதீர்கள். பந்தல் செலவு, மைக்செட் செலவு என்று ஏதாவது ஒன்றை ஏற்கச் சொல்லுங்கள். கொடுக்க முடியாத வீட்டுப் பெயரைக் குழுவில் போட்டு நினைவூட்டுகிற வேலையே வேண்டாம்.

பணம் வாங்கினால் கணக்குக் காட்டவேண்டும். அதற்கு நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919லும் 921லும் வெட்டியவை. குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்ன கதை. பரீட்சைக்கு அவ்வளவு போதும். எனக்குப் பிடித்த இடம் வேறு. ஊர்ச் சபையின் வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனுக்கு மறுபடி இடமில்லை என்பதோடு அந்தச் சபை நிற்கவில்லை. அவனுடைய சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மருமகன் என்று முறை சொல்லிச் சொல்லி அத்தனை பேரையும் ஒதுக்கி வைத்தது. கொடுமையான சட்டம்தான். ஆனால் ஒருவன் கணக்கை மறைத்தால் சந்தேகம் எங்கெல்லாம் போய்த் தொடும் என்று 1,100 வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் தெரிந்திருக்கிறது.

அதனால் பில்லையெல்லாம் ஒரு நோட்டில் ஒட்டி, சாயங்காலம் கூட்டம் கலைவதற்கு முன்பே மைக்கில் வரவு செலவைப் படித்துவிடுங்கள். "அப்புறம் அனுப்புறேன்" என்பது வேண்டாம். அடுத்த வருஷப் பொறுப்புக்கும் அப்போதே சீட்டுப் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். மூன்று வருஷத்துக்குள் பொறுப்பில் இருந்த வீட்டின் பெயரைப் போடாதீர்கள். அதுவும் கல்வெட்டில் இருக்கிற விதிதான். அந்த 921ஆம் வருஷக் கல்வெட்டு 70 தாண்டியவர்களையும் சேர்ப்பதில்லை. ஆகவே என் பெயரைப் போடவேண்டாம், யோசனை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

4. கூழ் திடீரென்று வராது. கேழ்வரகு மாவை வெள்ளி ராத்திரியே கரைத்துப் புளிக்க வைத்து, சனிக்கிழமை நொய் போட்டுக் காய்ச்சினால்தான் ஞாயிறு காலையில் மோர் விட்டுக் கரைக்கிற பதம் வரும். சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் இருந்தால் வேறு எதுவும் கேட்கமாட்டார்கள். மத்தியானப் பந்திக்கு ஒரு கிலோ அரிசி எட்டுப் பேர் என்று கணக்குப் போடுங்கள், பிரியாணியானாலும் சோறானாலும். அதற்குமேல் சமையல் மாஸ்டர் சொல்வதைக் கேளுங்கள். கறி வெட்டும் இடத்தில் நின்று யோசனை சொல்கிற மாமாக்களை மட்டும் எப்படியாவது பந்தலுக்கு அனுப்பிவிடுங்கள்.

5. மாஸ்டர் என்றேன் அல்லவா, செலவைப் பார்த்து ஆள் வைப்பதை விட்டுவிடாதீர்கள். கட்டிக்கொடுத்த பெண்கள் வருஷம் முழுக்கப் புகுந்த வீட்டு அடுப்படியில் நிற்கிறார்கள். தாய்வீட்டுக்கு வந்தும் வெங்காயம் உரிக்க வைத்தால் அது என்ன விசேஷம்? "நம்ம வீட்டுப் பொம்பளைங்க இருக்கும்போது ஆள் எதுக்கு?" என்று சொல்கிற ஆம்பளைகளிடம் இலை எடுக்கிற வேலையைக் கொடுங்கள். கூழ் காய்ச்சுவது மட்டும் வேறு; அதை அத்தைமார் விட்டுத்தர மாட்டார்கள், கேட்கவும் கேட்காதீர்கள்.

6. வயதானவர்களுக்குக் கைப்பிடி உள்ள நாற்காலி, பக்கத்திலேயே கேன் தண்ணீர், முட்டி மடக்க முடியாதவர்களுக்கு மேல்நாட்டுக் கழிப்பறை இருக்கிற ஒரு வீடு. பிளக்ஸ் பேனருக்குச் செலவழிப்பதை இதில் போடுங்கள்.

7. பிள்ளைகளுக்கு முறை தெரியவேண்டும். எல்லாரையும் அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிட்டால் யார் மாமன், யார் சித்தப்பா என்று எப்படித் தெரியும்? ஒரு பெரிய சார்ட்டில் வம்சாவளி எழுதி மாட்டுங்கள். பெண்கள் பெயரையும் அவர்கள் போன ஊரையும் விட்டுவிடாமல் எழுதுங்கள். பங்காளி வரிசை மட்டும் எழுதினால் பாதிக் குடும்பம் காணாமல் போகும். விவரங்களைக் கிழவிகளிடம் கேளுங்கள், கிழவர்களுக்கு நிலக் கணக்குதான் ஞாபகம் இருக்கும். சாயங்காலம் சின்னதுகளை உத்திரமேரூர்ச் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். பெருமாள் நின்று, இருந்து, கிடந்து என மூன்று நிலையில் மூன்று அடுக்கிலும் இருக்கிறார், படியேறுவதே அவர்களுக்கு விளையாட்டு. வேடந்தாங்கல் கிட்டத்தில்தானே என்று யாராவது வேன் எடுக்கச் சொல்வார்கள். ஆடியில் வேண்டாம். பறவைகள் நவம்பருக்குமேல்தான் கூடும்.

8. பாகப்பிரிவினைப் பேச்சு பந்தலுக்குள் வந்தால், பேசுகிற இருவரையும் ஆளுக்கொரு பந்திக்குப் பரிமாற அனுப்புங்கள். அன்றைக்கே சமாதானம் செய்து வைக்கிறேன் என்று ஒரு பெரியவர் கிளம்புவார், அவரையும் தடுங்கள். ஒரே பந்தலில் சாப்பிட்டுப் போனார்களே, அது போதும். குடித்துவிட்டு வருகிறவர்களை மைக் பக்கம் விடாதீர்கள்.

9. குரூப் போட்டோ மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே. சாப்பிட்ட கையோடு கால்வாசிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

10. திங்கட்கிழமை காலையில் அண்டா, தேக்சா, கரண்டி எல்லாம் எண்ணி வாடகைக் கடையில் ஒப்படைக்க ஓர் ஆளை முன்பே குறித்துவையுங்கள். வாங்கும்போது எண்ணியவரே திருப்பிக் கொடுக்கவும் போகட்டும். ஜல்லிக் கரண்டி ஒன்று கட்டாயம் குறையும்; சின்ன அத்தை வீட்டுப் பையில் முதலில் பாருங்கள்.