கடல்நீரும் நமது வடிதுணியும்



"இது பஞ்சம காலம், உலகம் இனிக் கெட்டே தீரும், நாம் என்ன செய்ய இயலும்?" என்று நம் இல்லங்களில் பலர் கூறக் கேட்கிறோம். இக்கூற்று நம் ஆகமக் கருத்துக்கு எவ்வளவு உடன்பாடானது? அருகிலுள்ள ஓர் ஊரைச் சான்றாகக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம்.

மாமல்லபுரத்திற்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ளது நெம்மேலி. இங்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அதன் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 15 கோடி லிட்டர் திறனுடைய மற்றொரு நிலையம் 2024-இல் திறக்கப்பெற்றது. இந்நீர் தென்சென்னைப் பகுதிகளுக்குச் செல்கிறது.

நகரின் நீர்நிலைமை எத்தகையது? 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை பெருவெள்ளத்தில் மூழ்கியது. நான்கே ஆண்டுகளுக்குள், 2019-இல், நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. மிகுந்த நீரைக் காக்கத் தவறியவர்கள் குறைந்த நீருக்கு ஏங்கினர் என்பதே இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்தும் உண்மை.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. முதலில் அந்நீர் வடிகட்டப்படுகிறது. பின்னர் மிகுந்த அழுத்தத்துடன் நுண்ணிய சவ்வுகளின் வழியே செலுத்தப்படுகிறது. அதில் பாதிக்கும் குறைவானதே நன்னீராகிறது; எஞ்சியது உவர்ப்பு மிகுந்து மீண்டும் கடலையே சேர்கிறது. ஆயிரம் லிட்டர் நன்னீர் பெற மூன்று அல்லது நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது.

இங்கு நம் இல்லற ஒழுக்கத்தை எண்ணிப் பார்ப்போம். நாமும் நீரை வடிகட்டியே பருகுகிறோம். துணியில் தங்கிய சிற்றுயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே மெல்லச் சேர்ப்பது நம் முன்னோர் காட்டிய முறை. நம் நலம் கருதி மட்டும் நாம் வடிகட்டுவதில்லை. அவ்வுயிர்களின் நலமும் கருதியே வடிகட்டுகிறோம். நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களும் உண்டு என்பது ஜினர் வாக்கு. ஆனால், பெருங்குழாய்கள் கடல்நீரை ஈர்க்கும்போது அதனுடன் மீன்முட்டைகளும் நுண்ணுயிர்களும் அகப்பட்டு மடிகின்றன. குழாயைத் திறக்கும் நம் கண்ணுக்கு அவை தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாமையால் இம்சை இல்லையென்று ஆகிவிடாது.

அந்நிலையத்தை அடுத்த மீனவர் குப்பத்தார் கரை அரிப்பு, மீன்வரத்துக் குறைவு ஆகியவை பற்றிக் கவலை தெரிவித்துள்ளனர். "மீன்பிடித்தல் நம் அறத்திற்கு மாறான தொழிலாயிற்றே" என்று சிலர் ஒதுங்கக்கூடும். அது சரியன்று. தொழிலை ஏற்காமை வேறு. துன்புறுவோர்பால் கருணையின்மை வேறு. கருணைக்கு விலக்கு வைத்தால் அஹிம்சை குறையுடையதாகும்.

அங்ஙனமாயின் அந்நிலையம் கூடாதென்பதா? இல்லை. தாகத்தால் வாடும் மக்களுக்கு நீரளிப்பது அறமே. இல்லறத்தார் இம்சையை முற்றும் நீக்க இயலாது என்பதனால்தான் நமக்கு மகாவிரதம் விதிக்கப்படாமல் அணுவிரதம் விதிக்கப்பட்டது. ஆனால் தேவைக்காக நேரும் இம்சைக்கும் பயனின்றிச் செய்யும் இம்சைக்கும் வேறுபாடு உண்டு. வீணே நிலத்தைத் தோண்டுதல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், மரஞ்செடிகளை வெட்டுதல் ஆகியவற்றை அநர்த்ததண்டத்துள் அடக்கி, அவற்றை விலக்குதலைக் குணவிரதமாகச் சமந்தபத்திராசாரியார் இரத்தினகரண்டகத்தில் வகுத்துள்ளார். இவ்வளவு உயிர்ச்சேதத்தாலும் மின்செலவாலும் வந்த நீரைக் கழுவுதொட்டியில் வீணே ஓடவிடுதல் இவ்விரதத்திற்கு நேர்மாறன்றோ!

இனி முதல் வினாவிற்கு வருவோம். பஞ்சம காலம் 21,000 ஆண்டுகள் என்பது ஆகமம். அதன் இறுதிவரை அறம் முற்றிலும் அழியாது என்பதும் அதே ஆகமம். உலகைக் கெடுக்கவோ காக்கவோ ஒரு படைப்போன் இருப்பதாக நாம் கொள்வதில்லை. அவரவர் வினையே அவரவர்க்குப் பயனளிக்கிறது. ஆகவே காலத்தின்மேல் பழி போட்டு வாளா இருத்தல், பாதிக் கருத்தை மட்டும் ஏற்பதாகும். இயந்திரம் உப்பை நீக்கும், ஆசையை நீக்காது. பத்து நிலையங்கள் எழுந்தாலும் அளவறியா ஆசைக்குக் கடலும் போதாது. பொருளுக்கு எல்லை வகுக்கும் ஐந்தாம் அணுவிரதமே மனித குலத்தின் எதிர்காலத்திற்குக் காப்பு.

நாம் செய்யத்தக்கவை:

1. நீரை அளந்து செலவிடுதல். ஒழுகும் குழாயை அன்றே சீர்செய்தல்.
2. 2003-இல் தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பு நம் இல்லத்திலும் ஜினாலயத்திலும் செயற்படுகிறதா என மழைக்கு முன் பார்த்தல்.
3. ஊர் ஏரி, குளங்களைத் தூர்வாரும் பணியில் உயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் துணைநிற்றல்.
4. நீரை வடிகட்டும் முறையை அதன் காரணத்துடன் பிள்ளைகளுக்குக் கற்பித்தல்.

சிந்தனைக்கு: நேற்று நம் இல்லத்தில் செலவான நீரில் தேவைக்கானது எவ்வளவு? வீணானது எவ்வளவு? இன்றிரவு சாமாயிகத்தின்போது ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவிக்கொள்வோமாக.

வளர்க ஜினதர்மம்!