தளம் போடும் முன் எழுதி வாங்குங்கள்

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். கட்டும்போதே கவனிக்கணும் என்ற பாடம் நம்ம சின்ன வீட்டுக்கும் உண்டு. குழுக் கடனில் தாம்பரம் பக்கம் வீடோ கடையோ கட்டுபவர்கள், காண்ட்ராக்டரிடம் இவற்றை எழுதி வாங்குங்கள்:

1. சதுர அடி ரேட் கூலிக்கு மட்டுமா, சாமானும் சேர்த்தா?

2. தளத்துக் கலவை: சிமெண்ட் 1, மணல் ஒன்றரை, ஜல்லி 3 பங்கு. மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணி ஊத்தினா பலம் குறையும்.

3. பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிற்க வேண்டும். யார் பொறுப்பு?

4. வேலை முடிய முடியத்தான் பணம். கடைசிப் பகுதி, ஒழுகலைப் பார்த்த பிறகே.

கேட்க வெட்கப்படாதீங்க, கடன் கட்டப்போவது நாம்தானே!