வள்ளத் தளம் வழுக்காதிருக்க

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்கா வரை சென்றது. கலம் பெரிதோ சிறிதோ, ஈரத்தளத்தில் கால் வழுக்கினால் உயிராபத்தே.

மாரி முடிந்து வெயில் நிலைத்தபின் வேலையைத் தொடங்குவோம். முதலில் தளத்தை நன்னீரால் கழுவுவோம். உப்பு ஈரத்தை இழுக்கும். அதன்மேல் பூசிய பெயின்ற் உரிந்துவிடும். காய்ந்ததும் பழைய பெயின்றைச் சுரண்டி, அரத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைப்போம்.

அடிப்பூச்சு உலர்ந்தபின் பெயின்ற் பூசி, அது காயுமுன் மென்மணலைச் சீராகத் தூவுவோம். கடல்மணலாயின் நன்னீரில் பலமுறை அலசி, உலர்த்தி, சிப்பித்துண்டுகள் போக அரித்தெடுக்க வேண்டும். நன்கு காய்ந்தபின் ஒட்டாத மணலைக் கூட்டிவிட்டு, மெல்லிய பூச்சொன்று பூசுவோம்.

வலை இழுக்கும் விளிம்பில் மணல் வேண்டாம். அது வலையைத் தேய்க்கும்.

இரவில் தனியே தொழிலுக்குப் போகிறவருக்குக் காலூன்ற நல்ல இடம் வேண்டுமல்லவா?